பிளவுற்ற அண்ணமும் திருச்சபையின் செவியும்

மேலுதடு பிளந்தோ, வாயின் மேற்கூரையாகிய அண்ணம் பிளந்தோ, அன்றி இரண்டும் பிளந்தோ பிறக்கும் குழந்தைகள் எல்லா நாடுகளிலும் உள்ளனர். சற்றேறக்குறைய 700 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இவ்வாறு பிறப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆகவே, பல சிற்றூர்களை உள்ளடக்கிய ஒரு சேகரத்தில் பணியாற்றும் ஆயர், தம் பணிக்காலத்தில் இத்தகைய குடும்பங்கள் சிலவற்றையேனும் சந்திப்பார். நோயுற்றோரைச் சந்தித்தல், துயருற்றோரைத் தேற்றுதல் ஆகியன பற்றி ஆயர்பணி நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மகிழ்ச்சியை எதிர்பார்த்து வந்தவர்கள் பேச்சற்று நிற்கும் பிள்ளைப்பேற்று அறையைப் பற்றி அவை அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்த அறையில் பொதுவாக மூன்று குரல்கள் எழுகின்றன. கிரகணத்தன்று கருவுற்ற பெண் வெளியே வந்ததால் நேர்ந்தது என்கிறது வீட்டு முதியோரின் குரல். முன்னோர் செய்த பாவம், அல்லது தீராத சாபம் என்கிறது பக்தியின் பெயரால் எழும் குரல். "ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்" என்கிறது மருத்துவமனையின் குரல். முதல் இரண்டும் பிழையானவை. மூன்றாவது மெய்யானது, ஆயினும் பாதி மெய்யே. உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரிவது. அண்ணப் பிளவோ காதுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரிந்தது தைக்கப்பட்டதும் எல்லாரும் நிம்மதியுடன் கலைந்துவிடுகின்றனர். காதுக்குத் தெரியும் குறையோ அதன்பின்னரே தன் பாடுகளைத் தொடங்குகிறது. வார்த்தையைக் கேட்பதையும் அறிவிப்பதையும் தன் வாழ்வின் நடுவில் வைத்திருக்கும் புராட்டஸ்டன்ட் திருச்சபைக்கு இது வெறும் மருத்துவச் செய்தியாக இருக்க இயலாது.

சேராது நின்ற முகம்

முதலில் பிளவு எவ்வாறு நேர்கிறது என்பதை அறிதல் நலம். கருவின் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. இரு பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் வளர்ந்துவரும் திசுப் பகுதிகள் நடுவில் வந்து ஒன்றோடொன்று இணைவதாலேயே முகம் அமைகிறது. கருவின் நான்காம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடையே மேலுதடு இணைந்துவிடுகிறது. ஆறாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரம் வரையில் அண்ணத்தின் இரு பக்கத் தட்டுகளும் நடுவே சந்தித்து ஒட்டுகின்றன. இவ்விணைப்பு நிகழாமற்போன இடமே பிளவு. எனவே அங்கு எதுவும் வெட்டுண்டதில்லை; சேர வேண்டியது சேராது நின்றது. நம் மேலுதட்டின் நடுவிலுள்ள பள்ளத்தையும் அதன் இருபுறத்து வரம்புகளையும் விரலால் தடவிப் பார்த்தால், நாம் எல்லாரும் அந்த இணைப்பின் தழும்பைத் தாங்கியே நடமாடுகிறோம் என்பது விளங்கும்.

பிளவு உதட்டில் ஒரு சிறு வெட்டுப்போல நின்றுவிடலாம். மூக்குத் துளை வரை ஏறலாம். ஈற்றையும் வன் அண்ணத்தையும் கடந்து உள்நாக்கு வரை செல்லலாம். உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளிடத்து மிகுதி; ஒரு பக்கப் பிளவுகளில் இடப்பக்கமே மிகுதி. உதடு நன்றாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருக்கும் நிலை பெண் குழந்தைகளிடத்து மிகுதியாகக் காணப்படுகிறது. இந்தக் கடைசி வகை, வாயைத் திறந்து விளக்கொளியில் பார்க்காவிடில் பிறந்த நாட்களில் தெரியாமலே போகக்கூடும். சில குழந்தைகளுக்கு இதயம் முதலிய உறுப்புகளிலும் குறை இருக்கலாமாதலின், குழந்தை மருத்துவர் முழுமையாகச் சோதிப்பது இன்றியமையாதது.

காரணம் ஒன்றன்று. மரபணுக்கள் சிலவற்றின் மாறுபாடு, தாய்க்கு நீரிழிவு இருத்தல், வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், புகைப் பழக்கம், ஃபோலிக் அமிலக் குறைவு ஆகியன ஒன்றோடொன்று கலந்து செயற்படுவதாக மருத்துவம் கூறுகிறது. எனினும் ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு இன்னதுதான் காரணம் என்று பெரும்பாலும் சுட்டிக்காட்ட இயலாது. பிளவில்லாத பெற்றோருக்கு ஒரு குழந்தை இவ்வாறு பிறந்திருப்பின், அடுத்த குழந்தைக்கும் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை எனப்படுகிறது. "இனிப் பிள்ளையே வேண்டாம்" என்றோ "இவளை அனுப்பிவிட்டு வேறு பெண் பார்ப்போம்" என்றோ பேச்செழும் வீடுகளில் இவ்வெண்ணை ஆயர் நினைவிற் கொண்டிருப்பது பயன் தரும்.

கிரகணத்தைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டில், பாம்பு நிலவை விழுங்கும் வேளையில் கருவுற்றவள் வெளியே வரலாகாது, அரிவாள்மணையைத் தொடலாகாது என்பர். மெக்சிகோவின் பழங்குடியினரும் நிலவு கடிபட்டதைப் பார்த்த தாயின் பிள்ளைக்கு வாய் கடிபட்டுப்போகும் என்று அஞ்சி, வயிற்றருகே கூரிய எரிமலைக் கண்ணாடிக் கத்தியைச் சேர்த்து வைத்திருந்தனர். ஐரோப்பியரோ தாய் முயலைக் கண்டு மிரண்டதே காரணம் என்றனர்; முயல் உதடு என்ற பெயர் அவ்வாறு வந்ததே. கடல் கடந்த மக்கள் ஒரே முறையில் தவறியிருப்பது வியப்பன்று. வடிவொற்றுமையைக் காரணமாகக் கருதுவது மனித மனத்தின் பழக்கம். இதற்கு விடையாக வானநூலை விரித்துரைக்க வேண்டியதில்லை. கருவுற்றிருப்பது ஊரறியத் தெரிந்து, "வெளியே வராதே" என்று தடுக்கும் வேளைக்கு முன்னரே உதடு சேர்ந்தோ சேராமலோ முடிந்துவிட்டது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு இடும்போது அந்த உதட்டுக்கு ஐந்து மாத வயதாகிறது. இந்தக் கணக்கை ஒரு பாட்டியிடம் பொறுமையாகச் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்ளக் கூடும். மருமகள்மீது பழி சுமத்த வேண்டுமென்று முன்னரே முடிவு செய்தவரிடம் எந்தக் கணக்கும் செல்லாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

யார் செய்த பாவம்?

யோவான் 9-ஆம் அதிகாரத்தைப் பற்றி இவ்விதழின் வாசகர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. இரண்டு குறிப்புகளை மட்டும் சொல்வோம். முதலாவது, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டது பிறவிக் குருடன் அருகிலிருக்கும்போதே. அவனுக்குக் கண் இல்லையே தவிரக் காது இருந்தது. தொட்டிலருகே நாம் தாழ்ந்த குரலில் பேசும் இறையியலும் தாயின் காதில் விழவே செய்கிறது.

இரண்டாவது, ஆண்டவரின் மறுமொழியை நாம் கையாளும் முறை. கடவுளின் செயல்கள் வெளிப்படவே இக்குழந்தை இப்படிப் பிறந்தது என்று மூன்றாம் வசனத்தை எடுத்துத் தாயின் கையில் கொடுத்துவிடுவது எளிது. ஆனால் மூல மொழியின் பழைய கையெழுத்துப் படிகளில் நாம் இன்று காணும் நிறுத்தக் குறிகள் இல்லை. கடவுளின் செயல்கள் வெளிப்பட வேண்டும் என்னும் பகுதியை அடுத்த வசனத்தோடு சேர்த்து வாசிக்க இடமுண்டு என உரையாசிரியர் சிலர் கருதுகின்றனர். அவ்வாறு வாசித்தால், அது குறையின் நோக்கத்தை விளக்கும் கூற்றாக இராமல், பகற்காலம் இருக்கும்போதே செய்ய வேண்டிய பணியைச் சுட்டும் கூற்றாகிறது. இவ்வாசிப்பே தாயின் தொட்டிலருகே பொருந்துவது என்று நமக்குத் தோன்றுகிறது. தன் மகிமைக்காக ஒரு சிசுவின் வாயைப் பிளந்த கடவுளை அவளுக்கு அறிமுகம் செய்ய நமக்கு எந்தக் கட்டளையும் இல்லை.

இக்காலத்தில் இக்கேள்வி பிறப்புக்கு முன்னரே எழுகிறது. கருவின் இருபதாம் வாரத்தை ஒட்டிச் செய்யப்படும் ஸ்கேனில் உதட்டுப் பிளவு பலமுறை தெரிந்துவிடுகிறது. அண்ணம் மட்டும் பிளந்திருப்பின் பெரும்பாலும் தெரிவதில்லை. படத்தைக் கையிலேந்தி, கருவைக் கலைக்கலாமா என்று கேட்டு ஆயரில்லத்திற்கு வருவோர் உண்டு. 2001-இல் இங்கிலாந்தில் 24 வாரங்களைக் கடந்த கரு ஒன்று அண்ணப் பிளவைக் காரணங்காட்டிக் கலைக்கப்பட்டது. தாடைக் குறையுடன் பிறந்து அறுவைச் சிகிச்சை பெற்றவராகிய ஜோவானா ஜெப்சன் என்னும் ஆங்கிலிக்கன் உதவிக்குரு அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். 2003-இல் உயர்நீதிமன்றம் அவர் வழக்கை விசாரணைக்கு ஏற்றது. 2005-இல் மருத்துவர்மீது வழக்குத் தொடர்வதில்லை என அரசு வழக்குத் துறை முடிவு செய்தது. நம் நாட்டில் 2021-இல் திருத்தப்பட்ட சட்டம், கருவில் பெருங்குறை உண்டென மருத்துவக் குழு முடிவு செய்தால் கால வரம்பின்றிக் கருக்கலைப்புக்கு இடம் தருகிறது. பிளவு உயிரைக் கொல்லும் குறையன்று, செம்மைப்படுத்தக் கூடியது. ஆயர் தீர்ப்புரைக்க விரைவதைவிட, இத்தகைய பிள்ளையை வளர்த்த ஒரு குடும்பத்தினிடம் அப்பெற்றோரை அழைத்துச் செல்வது மேல்.

முதல் வாரத்தின் பணி

பிளவுற்ற குழந்தை பிளவினால் இறப்பதில்லை. பசியினாலும், மூச்சுக் குழலில் பால் புகுவதனாலும் இறக்கக்கூடும். இதை ஆயரும் ஆயரின் துணைவியாரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தினரும் அறிந்திருத்தல் வேண்டும். உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் தாய்ப்பாலை நேரே குடித்துவிடும். அண்ணம் பிளந்த குழந்தையால் அது இயலாது. உறிஞ்சுவதற்கு வாய்க்குள் காற்றழுத்தம் குறைய வேண்டும். மேற்கூரை திறந்திருக்க அது நிகழாது. குழந்தை நெடுநேரம் முயன்று, களைத்து, பசியோடு உறங்கிவிடும். "பால் குடித்துத் தூங்குகிறது" என்று வீட்டார் மகிழ்ந்திருப்பர். எடையோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, நம் வீடுகளில் பழங்காலந்தொட்டு உள்ள சங்கினாலோ பாலாடையினாலோ சிறிது சிறிதாக ஊட்டலாம். குழந்தையைப் படுக்க வைக்காமல், தலை நன்கு உயர்ந்திருக்குமாறு சாய்த்துப் பிடிக்க வேண்டும். காற்றையும் சேர்த்து விழுங்குமாதலின் அடிக்கடி தோளிற் சாய்த்து ஏப்பம் விடச் செய்ய வேண்டும். மூக்கின் வழியே சிறிது பால் வருவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சற்று நிறுத்தித் துடைத்துவிட்டுத் தொடரலாம். ஒரு வேளைப் பால் அரை மணி நேரத்திற்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் ஊட்டுவதில் குழந்தை செலவிடும் ஆற்றல் பெறும் பாலினும் மிகுந்துவிடும். சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பது இக்குழந்தைக்கு இருமடங்கு தீது. வாரந்தோறும் எடை பார்த்தல் வேண்டும். இச்செய்திகளை அறிந்த ஆயர் அவ்வீட்டிற்குச் சென்றால், ஜெபத்திற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "பிள்ளை எவ்வளவு எடை இருக்கிறது, அம்மா?" என்பதே.

எடையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உதட்டுக்கான அறுவை பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் செய்யப்படுகிறது. பத்து வாரம், பத்து பவுண்டு, பத்து கிராம் ஹீமோகுளோபின் என்னும் பழைய விதியை மருத்துவர்கள் இன்றும் நினைவிற் கொள்கின்றனர். பத்து பவுண்டு என்பது ஏறத்தாழ நாலரைக் கிலோ. மயக்க மருந்தைத் தாங்கும் வலிமை குழந்தைக்கு வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. எனவே சங்கினால் பாலூட்டும் தாயே அறுவைக்கான முதற்பணியைச் செய்கிறாள்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். உதடு தைக்கப்படும் வரையில் திருமுழுக்கைத் தள்ளிவைக்கும் பெற்றோர் உண்டு. சபையார் பார்ப்பார்களே என்னும் கூச்சம். போட்டோவில் விழுமே என்னும் தயக்கம். அவர்களை வற்புறுத்துவது நன்றன்று. ஆனால், "இப்படியே கொண்டுவாருங்கள்" என்று ஆயர் தாமாக முன்வந்து ஒருமுறை சொல்லாதிருப்பின், சபையும் அவ்வாறே எண்ணுகிறது என்று அவர்கள் முடிவு செய்துகொள்வர்.

தையலும் காத்திருப்பும்

உதட்டைத் தைக்கும் கலை பழமையானது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவில் வெய் யூங்சி என்னும் ஏழை இளைஞர் பிளவுற்ற உதட்டுடன் ஒரு மாநில ஆளுநரின் மருத்துவரிடம் சென்ற செய்தி அந்நாட்டு அரச வரலாற்றில் உள்ளது. அறுத்துத் தைக்கலாம், ஆனால் 100 நாட்கள் கஞ்சி மட்டும் உண்டு, சிரிக்காமலும் பேசாமலும் இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். பாதி வாழ்நாள் பேசாதிருக்க வேண்டுமென்றாலும் இசைவேன், நூறு நாள் எம்மாத்திரம் என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தாராம். பிற்காலத்தில் அவரே அம்மாநிலத்தின் ஆளுநரானார்.

இன்று நூறு நாள் மௌனம் வேண்டியதில்லை. ஆனால் சிகிச்சையின் காலம் நீண்டது. அண்ணத்திற்கான அறுவை ஒன்பது முதல் பதினெட்டு மாதத்திற்குள் நிகழ வேண்டும். ஈற்றில் உள்ள பிளவுக்கு எலும்பு வைத்து அடைப்பது ஏழு முதல் பதினொரு வயதளவில்; பின்னர்ப் பல் வரிசையைச் சீராக்கல்; தேவைப்படின் வளர்ச்சி முடிந்தபின் தாடையையும் மூக்கையும் திருத்தல். மைய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் சிறார் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் கண்டறிந்து சிகிச்சை அளிக்க வேண்டிய குறைகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஸ்மைல் டிரெயின் என்னும் அறநிறுவனம் 2000 முதல் இந்திய மருத்துவமனைகள் வாயிலாகக் கட்டணமில்லா அறுவைக்கு உதவி வருகிறது. நம் அண்டை மாநிலத்தில், திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் பார்சி சமயத்தவராகிய மருத்துவர் அடென்வாலா 2020-இல் மறையும் வரை நெடுங்காலம் இக்குழந்தைகளுக்காக உழைத்தார். எனவே பணமில்லை என்பது இன்று முதன்மையான தடையன்று. தெரியாமை ஒரு தடை. காத்திருக்கச் சொல்லும் பக்தி மற்றொரு தடை. அறுவைக்கு நாள் குறித்தபின், "விசுவாசத்தோடு பொறுத்திரு, கர்த்தர் தாமே செய்வார்" என்று தடுக்கும் போதகர்கள் உண்டு. உதட்டைப் பொறுத்தவரை தாமதத்தை ஓரளவு ஈடுசெய்யலாம். அண்ணத்தைப் பொறுத்தவரை ஈடுசெய்வது மிகக் கடினம். ஏனெனில் குழந்தை பேசக் கற்றுக்கொண்டுவிடும்.

வல்லினம் இழந்த வாய்

இந்த இடத்தில் நம் இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும் தொல்காப்பியர் இதழ், நா, பல், அண்ணம், மூக்கு ஆகியவற்றை ஒலி பிறக்கும் இடங்களுள் வைக்கிறார். வல்லினத்திற்கு நெஞ்சும், மெல்லினத்திற்கு மூக்கும், இடையினத்திற்குக் கழுத்தும் இடம் என்கிறது நன்னூல். நாம் ப, த, ட, க என்று ஒலிக்கும்போது மென் அண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது. வாய்க்குள் காற்று தேங்கி அழுத்தம் பெற்று, பின்பு வெடித்து வெளிவருகிறது. ம, ந, ண, ங என்னும்போது அண்ணம் தாழ்ந்து மூக்கின் வழி திறக்கிறது. அண்ணம் பிளந்தவர்க்கு அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஆகவே வல்லினம் எல்லாம் தன் இன மெல்லினத்தை நோக்கிச் சரிகிறது. அப்பா என்று அழைக்க முயலும் குழந்தையின் வாயிலிருந்து அம்மா என்பது போன்ற ஒலி வருகிறது. தாத்தா நாந்நா ஆகிறார். இடையினமும் உயிரும் மூக்கொலி கலந்து வந்தாலும் ஓரளவு விளங்கும். வல்லினமே முற்றிலும் சிதைகிறது. பிதா, கர்த்தர், கிறிஸ்து, சபை, பாவம், இரட்சிப்பு என்று நம் விசுவாசத்தின் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். வல்லினமில்லாது நம்மால் ஜெபிக்க இயலுமா?

குழந்தை இக்குறையோடு சும்மா இருப்பதில்லை. வாயில் பிறவாத ஒலிக்கு ஈடாகத் தொண்டையில் ஓர் அடைப்பொலியை அமைத்துக்கொள்கிறது. அப்பழக்கம் ஊன்றிவிட்டால், பின்னர் அண்ணத்தை எவ்வளவு நேர்த்தியாக மூடினாலும் தொண்டை ஒலி மாறுவதில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் நாள்தோறும் பயில வேண்டும். மேலும் மென் அண்ணத்தின் தசைகளே நடுச்செவிக்குக் காற்றுச் செல்லும் குழலைத் திறப்பவை. அவை சரியாக அமையாமையால் நடுச்செவியில் நீர் கட்டிக் காது மந்தமாகிறது. தான் பேசுவதையே சரியாகக் கேளாத குழந்தை எங்ஙனம் திருந்தப் பேசும்? வகுப்பில் இவர்கள் மந்தபுத்தியுள்ளவர் என்று பின்வரிசைக்குத் தள்ளப்படுவதுண்டு. ஞாயிறு பள்ளியிலும் மனப்பாட வசனம் ஒப்புவிக்கும் போட்டியில் பெயர் விடுபட்டுப் போகும். நல்லெண்ணத்தினாலேயே விடுபடுகிறது, எல்லாரும் சிரிப்பார்களே என்று.

பேச்சுப் பயிற்சியாளர் பெருநகரங்களில் மட்டுமே கிடைப்பர் என்னும் நிலையை மாற்றச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தார் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு வழி கண்டனர். கிராமப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்து, அவர்களைக் கொண்டே பிள்ளைகளுக்கு அவர்கள் ஊரிலேயே ஒலிப்பயிற்சி தரச் செய்தனர். வேதாகமப் பெண்பணியாளர்களை ஊர் ஊராக அனுப்பிய மரபுடைய நமக்கு இம்முறை புதிதன்று.

அண்ணம் மூடப்பட்டதால் ஒருவர் பெறும் வாழ்வைக் காட்ட ஒரு வரலாறு உண்டு. 1819-இல் பாரிஸ் நகரில் ரூ என்னும் அறுவை மருத்துவர், ஜான் ஸ்டீபன்சன் என்னும் கனடா நாட்டு மருத்துவ மாணவரின் பிளவுற்ற மென் அண்ணத்தைத் தைத்தார். மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது. பேச்சுத் தெளிந்த மாணவர் அந்த அறுவையைப் பற்றியே எடின்பரோவில் இலத்தீன் மொழியில் ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றார். பின்னர் மான்ட்ரீல் திரும்பி மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவருள் ஒருவரானார். அதுவே மக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவாயிற்று. அவர் ஓர் ஆசிரியர், பேசியே வாழ்ந்தவர்.

முற்றிலும் தெளியாத பேச்சோடு வாழ்ந்தவர் ஒருவரையும் நம் மாணவர் அறிவர். ஆனால் அவர் நூல்களைப் படிக்கையில் இதனை அறிந்திரார். 1929-இல் பிறந்த ஜெர்மானியச் சிந்தனையாளர் யூர்கன் ஹாபர்மாஸ் அண்ணப் பிளவுடன் பிறந்தவர். 2004-இல் கியோட்டோ பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அவர் இதுபற்றி வெளிப்படையாகப் பேசினார். குழந்தைப் பருவ அறுவைகள் மனிதர் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்கின்றனர் என்னும் உணர்வைத் தமக்குத் தந்தன என்றார். மூக்கொலி கலந்த தம் பேச்சைப் பிறர் விளங்கிக்கொள்ளாமையும் பள்ளியில் கேலிக்குள்ளானமையும் பேச்சுத் தொடர்பைப் பற்றி நினைக்கத் தூண்டின என்றும், எழுத்தைத் தாம் விரும்பியதற்கும் அதுவே காரணம் என்றும் கூறினார். உரையாடலையே மனித சமுதாயத்தின் அடித்தளமாகக் கண்ட ஒரு தத்துவம், உரையாடல் எளிதாக வாய்க்காத ஒரு சிறுவனிடத்திலிருந்து எழுந்தது.

திக்குவாயும் கொன்னைவாயும்

திருமறையில் பேச்சுக் குறையுள்ள இருவர் நம் கருத்தைக் கவர்கின்றனர். மாற்கு 7:31-37 காட்டும் மனிதனைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கொன்னைவாயுடையவன் என்கிறது. அங்குள்ள கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. ஏசாயா 35:6-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் வருகிறது. இடர்ப்பட்டுப் பேசுபவன் என்பது அதன் பொருள். அவனுக்கு அண்ணப் பிளவு என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்ல ஆதாரமில்லை. செவியின் குறையும் பேச்சின் குறையும் இணைந்தே அவனிடம் காணப்படுகின்றன என்பதையும், ஆண்டவர் அவனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றார் என்பதையும் கவனிக்கிறோம். வேடிக்கை பார்க்கும் கண்களுக்கு நடுவில் அவனுடைய நாவை அவர் தொடவில்லை. சாட்சிக்கென இக்குழந்தைகளை மேடையேற்றி, அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காணிக்கைக் கூட்டங்களில் காட்டும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். திறக்கப்படுக என்பது அங்கு ஆண்டவரின் கட்டளை; நம் குழந்தைகளுக்கு வேண்டியதோ அண்ணம் மூடப்படுதல். ஆயினும் விளைவு ஒன்றே: அவன் திருத்தமாகப் பேசினான் என்கிறார் மாற்கு. எனவே திருத்தமான பேச்சை நாடுவது நற்செய்திக்குப் புறம்பானதன்று.

மற்றவர் மோசே. தம்மைத் திக்குவாயும் மந்தநாவும் உடையவர் என்கிறார் (யாத். 4:10), பின்னர் விருத்தசேதனமில்லாத உதடுகளுடையவர் என்கிறார் (யாத். 6:12, 30). வாயை உண்டாக்கியவர் யார் என்று கடவுள் திரும்பக் கேட்கிறார். ஆனால் மோசேயின் வாய் குணமானதாக எங்கும் எழுதப்படவில்லை. ஆரோன் அருகில் அமர்த்தப்படுகிறார். அழைப்போ மோசேயினுடையதாகவே நிற்கிறது. இவ்விரு பகுதிகளுள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் சபை தவறும். மாற்குவை மட்டும் படித்தால் குணமாகாதவர்க்கு இடமில்லை. மோசேயை மட்டும் படித்தால் மருத்துவத்திற்கு இடமில்லை.

இது குருத்துவத்திற்கான தேர்வுக் குழுக்களில் நடைமுறைச் சிக்கலாகவே எழுகிறது. லேவியராகமம் 21:16-23 உடற்குறையுள்ள ஆரோன் வழியினரைப் பலிபீடத்தினின்று விலக்குகிறது. அப்பட்டியலில் முகத்திலோ மூக்கிலோ குறையுள்ளவன் எனக் கொள்ளத்தக்க எபிரேயச் சொல் ஒன்றும் வருகிறது. அதன் திட்டமான பொருள்பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அதே பகுதி, அவன் தன் கடவுளின் அப்பத்தை, மகா பரிசுத்தமானதையும், உண்ணலாம் என்கிறது. இந்தச் சட்டத்தைப் புதிய உடன்படிக்கையின் ஊழியத்திற்கு யாரும் இன்று வெளிப்படையாகப் பொருத்துவதில்லை. ஆனால் "குரல் சரியில்லை, மக்களுக்குப் புரியாது" என்னும் சொற்களால் அதே வாயில் அடைக்கப்படுகிறது. புரியாமை மெய்யான சிக்கலே. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும் அந்த இளைஞர் பேச்சுப் பயிற்சி பெற்றாரா, செவி சோதிக்கப்பட்டதா, மென் அண்ணத்திற்கு இரண்டாம் அறுவை பயன்படுமா என்பவற்றை மருத்துவரிடம் கேட்டறியாமல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதும் நேர்மையாகாது.

தேர்வுக் குழுவுக்கு வருமுன், உள்ளூர்ச் சபையில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கேட்போர் பழகப் பழக, ஒரே பேச்சு மேலும் மேலும் விளங்குகிறது. தாய்க்கும் உடன்பிறந்தார்க்கும் அப்பிள்ளையின் ஒவ்வொரு சொல்லும் தெரிவது இதனாலேயே. அண்ணப் பிளவுடன் பிறந்த இளைஞர் ஒருவர்க்கு ஆண்டில் ஒருமுறை, ஊனமுற்றோர் ஞாயிறன்று மட்டும், திருமறை வாசிக்க வாய்ப்பளித்தால் சபை இரங்குமேயன்றிக் கேட்கப் பழகாது. தொடர்ந்து நான்கு ஞாயிறு அவரே வாசிக்கட்டும். பகுதியை ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடலாம். அதிகாரத்தையும் வசனத்தையும் ஆயர் அறிவிக்க, சபையார் தத்தம் திருமறையைத் திறந்து உடன் வாசித்து வரலாம். முதல் வாரம் பாதிதான் விளங்கும். வாசிப்போர் பட்டியலில் ஒரே பெயரை நான்கு முறை எழுதுவதற்குச் சபைச் செயலாளருக்கு ஒரு நிமிடம் போதும்.